என் உசுரு, என் இஷ்டமா?

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காருக்குள் சீட் பெல்ட் அலாரம் அலறினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். "நடந்து போறவன் நம்மள முந்துறான், இதுக்குப் பெல்ட்டு வேறயா?" என்பார் ஓட்டுபவர். அந்தச் சந்துக்குள் அது நியாயம்கூட. ஆனால் அலாரத்தின் வாயை அடைக்க அவர் செருகிய கிளிப், பி.ஓ.டி. பாலம் ஏறி, வெலிங்டன் தீவைத் தாண்டி, குண்டன்னூரில் நெடுஞ்சாலையைப் பிடித்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறது. கேட்டால், "என் உசுரு, என் இஷ்டம்."

இந்தக் கிளிப்புகளுக்கு நல்ல கிராக்கி. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட் உள்ளிட்ட ஐந்து இணைய விற்பனைத் தளங்களின் மீது நடவடிக்கை எடுத்தபோது நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 13,118. சில வியாபாரிகள் பாட்டில் மூடி திறக்கும் கருவி என்ற பெயரில் இதை விற்றிருக்கிறார்கள். உரிமைக்குரலுக்கு எதற்கு மாறுவேடம்?

உயிர் 'என்னுடையது' என்ற கணக்கே தப்பு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நிற்கும்போது, பெல்ட் போடாத உடம்பு நிற்பதில்லை, அதே வேகத்தில் முன்னால் பறக்கிறது. மூன்று மாடி உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொடும் வேகம் அது. பின்சீட்டிலிருந்து அப்படிப் பறப்பவர் முன்சீட்டில் இருப்பவரின் முதுகில்தான் போய் விழுவார். முன்னால் இருப்பவர் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தும் பயனில்லை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே இறந்தபோது பின்சீட்டில்தான் இருந்தார், பெல்ட் இல்லாமல். பின்சீட் பெல்ட்டைப் பற்றி ஊரே பேசியது, சில வாரம்.

அடுத்த மாதமே கேரளத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. கொச்சியை ஒட்டிய முளந்துருத்தியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிப்போன சுற்றுலாப் பேருந்து, அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள்: ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த மூன்று பயணிகள். மோதும்போது வேகம் 97 கி.மீ. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கவர்னரில் யாரோ கைவைத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். கோயம்புத்தூர் போகலாமென்று அந்த அரசுப் பேருந்தில் ஏறியவர்களிடம் எவரும் இஷ்டம் கேட்கவில்லை.

ஹெல்மெட் கட்டாயம் நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 1988-லேயே தள்ளிவிட்டது. அமெரிக்காவின் கதை வேறு. பெல்ட் போடாமல் கிளம்பாத கார்களை 1973-இல் கொண்டுவந்து, மக்கள் கொதித்ததும் அடுத்த ஆண்டிலேயே சட்டம் போட்டு அந்த விதியை ஒழித்தார்கள். எரிச்சலூட்டும் தொழில்நுட்பம் தோற்கும் என்பது உண்மைதான். அதற்காக ஊமையாக்கப்பட்ட அலாரம் யாரையும் காப்பாற்றிவிடாது.

அரசுக்கும் இதில் உறுதி போதாது. குழந்தைகளுக்குத் தனி இருக்கை இல்லாவிட்டால் அபராதம் என்று 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் அறிவித்த கையோடு, அது நடக்காது என்றார் அமைச்சர் கணேஷ்குமார்.

சுதந்திரம் பற்றிக் கவலைப்பட வேறு இடம் இருக்கிறது. 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்பு, கேமரா எடுத்த ஸ்கூட்டர் படம் ஒன்று, வண்டி யார் பெயரில் இருந்ததோ அந்த மனைவிக்குப் போனது. பின்னால் இருந்த பெண் யார் என்று தொடங்கிய சண்டை, கணவர் அடித்ததாகப் போலீசில் புகார் கொடுப்பதில் முடிந்தது. அந்தப் படங்களை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம்? கிளிப் மாட்டியவர்கள் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை. எந்த முக்கில் கேமரா இருக்கிறது என்பதுதான் அவர்கள் பேச்சு. அந்த முக்கு வந்ததும் பெல்ட்டை இழுத்துத் தோளில் பிடித்துக்கொள்கிறார்கள், தாண்டியதும் கையை எடுத்துவிடுகிறார்கள்.