முத்து திரும்பி வந்த ஊர்



ஹெப்புவுக்கு முத்து திரும்பியது என்று சீனர்களிடம் ஒரு வழக்கு உண்டு. சீனத்தில் நான்கே எழுத்துதான். கைவிட்டுப் போன அரிய பொருள் திரும்பக் கிடைத்தாலும், பிரிந்து போனவர் வீடு வந்து சேர்ந்தாலும் இன்றும் அதைச் சொல்கிறார்கள். இந்த இதழுக்காகச் சீனப் பழமொழிகளைத் தேடிப் படிக்கையில், இந்த வழக்கின் பின்னால் இருக்கும் கதை என்னை நேரே தூத்துக்குடிக் கடலுக்குக் கூட்டிவந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹெப்பு தென்சீனக் கரையில், டோங்கின் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது. அந்த மண்ணில் பயிர் விளையாது. மக்கள் கடலில் முத்து எடுத்து, அண்டைப் பகுதியான ஜியாவோஜிக்குக் கொடுத்து, அரிசி வாங்கிப் பிழைத்தார்கள். அங்கு வந்த ஆளுநர்கள் பேராசைக்காரர்கள். கணக்கு வழக்கில்லாமல் சிப்பியை அள்ளச் சொன்னார்கள். ஒருநாள் முத்தெல்லாம் ஜியாவோஜிக் கடலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாம். வணிகர் வரத்து நின்றது. ஏழைகள் தெருவில் விழுந்து செத்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மெங் சாங் என்பவர் ஆளுநராக வந்தார். பழைய கொடுமைகளை நீக்கினார். மக்களுக்கு என்ன குறை என்று கேட்டார். ஓராண்டு முடிவதற்குள் முத்து திரும்பிவிட்டது. அவர் பணி முடிந்து கிளம்பியபோது ஊரார் வண்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரவில் ஊர்க்காரர் ஒருவரின் படகில் ஏறித்தான் போனார் என்று பின்ஹான் வரலாறு என்னும் நூல் சொல்கிறது. ஓர் அதிகாரிக்கு இதைவிடப் பெரிய வழியனுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

நம் கடலோடு இந்த ஊருக்கு உறவு உண்டு. ஹெப்புவில் முத்து தரும் சிப்பியும் மன்னார் வளைகுடாவின் கடலடி முத்துப்பார்களில் முத்து தரும் சிப்பியும் ஒரே இனம். பிங்க்டாடா ஃபுகாட்டா என்பது உயிரியலார் வைத்த பெயர். உறவு அத்தோடு நிற்கவில்லை. ஹெப்புவிலிருந்தும் பக்கத்துத் துறைகளிலிருந்தும் பொன்னும் பட்டும் ஏற்றிக்கொண்டு கடலோடிகள் ஹுவாங்ஜி என்ற தூர நாட்டுக்குப் போய், ஒளிரும் முத்தும் அரிய கற்களும் வாங்கி வந்ததாக ஹான் வரலாறு குறிக்கிறது. அந்த ஹுவாங்ஜி நம் காஞ்சிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முத்து விளையும் ஊரிலிருந்தே கப்பலேறி இந்தப் பக்கம் முத்து வாங்க வந்திருக்கிறார்கள்.

முத்து நடந்தா போகும், நடந்தா வரும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். 1637இல் சோங் யிங்ஷிங் என்ற சீன அறிஞரும் அதையே கேட்டார். தொழில்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில் முத்தெடுப்புக்கும் ஒரு பகுதி இருக்கிறது. நல்ல அதிகாரியின் புண்ணியத்தால் முத்து திரும்பவில்லை, பல பத்தாண்டு எடுக்காமல் விட்டால் சிப்பி நிம்மதியாகக் குடும்பம் பெருக்கும், அவ்வளவுதான் என்பது அவர் முடிவு. அதற்குக் கணக்கும் வைத்திருந்தார். ஹோங்ஜி அரசர் காலத்தில் ஒரே எடுப்பில் 28,000 லியாங் எடை முத்து கிடைத்தது. நூறாண்டு கழித்து வான்லி காலத்தில் 3,000தான், செலவுக்கே கட்டவில்லை. பழமொழியைக் கும்பிட்டு ஒதுக்காமல், அதைக் கடலில் வைத்துச் சரிபார்த்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கிறது. மெங் சாங்கின் பெருமையும் இதனால் குறையவில்லை. சிப்பியைச் சும்மா விடு என்று உத்தரவிடவும் ஓர் அதிகாரிக்கு நெஞ்சுரம் வேண்டும்.

நம் வளைகுடாவில் அந்த உரம் இல்லாதபோது என்ன ஆயிற்று? 1905இல் எதிர்க்கரையான இலங்கையில், மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுத்தார்கள். நம் கரையிலிருந்தும் குளியாளிகள் போயிருந்தார்கள். அந்த வருமானத்தைக் கண்டு இலங்கை அரசு அடுத்த ஆண்டே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனியிடம் கொடுத்தது. இரண்டு சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன, கம்பெனியும் கலைந்தது. நீரோட்டம், சிப்பியைத் தின்னும் திருக்கை, குஞ்சுச் சிப்பியை மூடும் மணல் என்று பார் அழிய இயற்கையான காரணங்களும் உண்டு. முத்துப்பார் எப்போதுமே நிலையற்றதுதான். நிலையற்ற ஒன்றை வரும்போதெல்லாம் வழித்தெடுப்பது அதைவிட மோசம்.

தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. அதுவே கடைசி. இன்று அந்தக் கடலில் குளிப்பவர்கள் சங்கு எடுக்கிறவர்கள்.

குளத்தை இறைத்து மீன் பிடித்தால் இந்த ஆண்டு கிடைக்கும், அடுத்த ஆண்டு இருக்காது என்ற பொருளில் சீனத்தில் இன்னொரு பழமொழி இருக்கிறது. ஓர் அமைச்சர் தம் அரசருக்குச் சொன்ன புத்தியாக அது வழங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடித் தடையால் 61 நாள் கட்டிக் கிடக்கும்போது நம் அரசு அதையேதான் கடைப்பிடிக்கிறது. அந்த இரு மாத வருமானத்தை விட்டுக்கொடுக்கும் மீனவர் வீடுகளுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தத் தேடலில் என் மனத்தை அதிகம் தொட்ட கதை பழைய சீன ஞானி சுவாங் ட்சுவுடையது. ஆற்றங்கரையில் நாணல் பின்னிப் பிழைக்கும் ஓர் ஏழையின் மகன், ஆழத்தில் மூழ்கி, ஆயிரம் பொன் பெறும் முத்தோடு வருகிறான். அப்பா மகிழவில்லை. கல்லை எடுத்து அதை உடை என்கிறார். இந்த முத்து கருநிற டிராகன் ஒன்றின் தாடைக்கடியில் இருப்பது, அது தூங்கியதால் நீ வந்தாய், விழித்திருந்தால் உன்னில் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்கிறார். சுவாங் ட்சு இதை அரசர்களின் தயவை நம்புகிறவர்களுக்காகச் சொன்னார். முத்துக்குளித்துறையில் பிறந்தவருக்கு அது அப்படியே வீட்டுக் கதை. கல்லில் காலை வைத்து, பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கும் மகனைப் பெற்ற எந்தத் தகப்பனின் பேச்சும் இதுதானே? சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டியைச் சலாபத்துக்கு அழைத்து வந்ததும் இந்த அச்சத்தால்தான். மேலே கயிற்றைப் பிடிக்க மைத்துனரைத்தான் வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றைச் சரியான நேரத்தில் இழுப்பான் அல்லவா! சோங் யிங்ஷிங்கும் ஹெப்புக் குளியாளியின் இடுப்புக் கயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மூச்சு முட்டினால் அவன் கயிற்றை அசைப்பான், படகிலிருப்போர் இழுப்பார்கள். சிலர் மீனுக்கே இரையாகிவிடுவார்களாம்.

  

முத்து இந்தக் கரையை முற்றாக விட்டுவிடவில்லை. 1973இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி குழுவினர் இந்தச் சிப்பியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். பிறகு பொரிப்பகத்தில் குஞ்சுச் சிப்பி வளர்க்கவும் கற்றார்கள். அவற்றைப் பார்களில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். பழைய சலாபம் திரும்பவில்லை. ஆனாலும் அந்த முயற்சியை ஹெப்புக் கதையின் வரிசையில் வைத்து வணங்குகிறேன்.

எனக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சீனர் தம் முத்துக்கரையின் பட்டறிவை இரண்டாயிரம் ஆண்டாகப் புத்தகத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் குளியாளிகளின் சொற்கள் பெரும்பாலும் வாயிலேயே இருக்கின்றன. கடைசிச் சலாபத்தில் இருபது வயதில் குளித்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். உங்கள் தாத்தா, பெரியப்பா, பக்கத்து வீட்டு ஐயா யாரேனும் அவர்களில் ஒருவரானால், இந்த மாதமே அவர் அருகில் உட்காருங்கள். எந்தப் பாருக்கு என்ன பெயர், எந்தக் காற்றில் இறங்கக் கூடாது, கயிறு பிடிப்பவரிடம் என்ன சொல்லிவிட்டு மூழ்குவார்கள், முத்து இல்லாத ஆண்டுகளில் வீட்டில் என்ன சொல்லித் தேற்றினார்கள், எல்லாவற்றையும் அவர் பேசுகிறபடியே எழுதி அனுப்புங்கள். திருத்த வேண்டாம், நல்ல தமிழாக்க வேண்டாம். வருகிற இதழ்களில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்