பெட்டிகளை எண்ணினால் புரிந்துவிடுமா?

பி.காம். படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நம்ம வகுப்புக் கூட்டம் கேட்கும். இதுவும் கணக்கு விவகாரம்தான், பொறுங்கள்.

ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தால் மாத்திரை, எந்த மாத்திரை என்பதற்கெல்லாம் மருத்துவச் சங்கங்கள் தடிமனாக வழிகாட்டிகள் வெளியிடுகின்றன. அவற்றைக் கணினிக்குப் புரிகிற விதிகளாக மாற்றி, 'இந்த நோயாளிக்கு இதைச் செய்யலாம்' என்று டாக்டரின் திரையில் காட்ட வைக்கிறார்கள். இதற்கென்றே 1989-ல் அமெரிக்காவில் ஆர்டன் சின்டாக்ஸ் என்ற மொழி பிறந்தது. பிறகு புரோஃபார்மா, அஸ்ப்ரு, கிளிஃப் என்று வரிசையாக வந்தன.

கணினிக்குப் புரிகிறது, சரி. மனுஷனுக்கு? அதை அளக்க மென்பொருள் துறையிலிருந்து கடன் வாங்குகிறார்கள். எத்தனை பெட்டி, எத்தனை அம்புக்குறி, எத்தனை கிளை என்று எண்ணுவது. மெக்கேப் 1976-ல் தந்த சூத்திரம் இதில் பிரபலம்: அம்புகளிலிருந்து பெட்டிகளைக் கழித்து இரண்டைக் கூட்டு. எண் ஏறினால் சிக்கல் ஏறுகிறதாம்.

எல்லாப் பெட்டிகளின் பெயரையும் அழித்துவிட்டு அ, ஆ, இ என்று எழுதிப் பாருங்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. சூத்திரத்தின் விடை மட்டும் அப்படியே இருக்கும்!

இது வெறும் விதண்டாவாதம் இல்லை. 2017 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கங்கள் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கின. அந்த நாட்டுப் பெரியவர்களில் நோயாளிக் கணக்கு 32 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 46 ஆனது. ஆனால் ஒரு நுணுக்கம். இதய நோய் இல்லாத, பத்தாண்டு ஆபத்து 10 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கு மாத்திரை தொடங்கும் எல்லை 140/90 என்றே இருந்தது. இடைப்பட்டவர்களுக்கு உப்பைக் குறை, நட, எடையைக் குறை என்பதுதான் அப்போது அறிவுரையாக இருந்தது.

இப்போது ஒருவர் பழைய மாதிரியைத் திறந்து, 140 இருக்கும் இடத்திலெல்லாம் 130 என்று மாற்றிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். தேவையில்லாதவர்களுக்கெல்லாம் மாத்திரை! பெட்டி எண்ணிக்கை மாறாது, மதிப்பெண்ணும் மாறாது. ஒழுங்காகச் செய்தவரோ ஆபத்தைப் பார்க்க ஒரு கிளை சேர்த்திருப்பார். அவருடைய மாதிரிதான் 'சிக்கலானது' என்று மதிப்பெண் இழக்கும். நல்ல நியாயம்.

புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு என்று இதற்கு மறுப்பு வரும். எனக்கு ஒப்புதல் இல்லை. தப்பாக இருக்கும்போது படிப்பவர் அதைப் பிடித்துவிட முடிந்தால்தானே அது புரிகிறது என்று அர்த்தம்?

ஆர்டனில் இன்னொரு வேடிக்கை. அந்தந்த மருத்துவமனையின் தரவை எப்படி எடுப்பது என்பது நெளிவு அடைப்புக்குறிக்குள் போய்விடும். கடைசியாக எடுத்த அளவா, மூன்று முறை எடுத்ததன் சராசரியா? விஷயமே அங்கேதான் இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பைப் பளிச்சென்று போட்டுவிட்டு, கடனை அடிக்குறிப்பில் ஒளிக்கிற கம்பெனிகள் ஞாபகத்துக்கு வருகின்றனவா?

எண்ணவே கூடாது என்று சொல்லவில்லை. முந்நூறு அம்புகள் உள்ள படத்தைக் கண்டு மிரள எண்ணிக்கை உதவும். அதற்குப் 'புரியும் தன்மை' என்று பெயர் வைப்பதுதான் அநியாயம்.

ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் உட்கார வையுங்கள். பத்து கற்பனை நோயாளிகளைக் கொடுத்து, 'இவருக்கு இந்த மாதிரி என்ன சொல்லும், ஏன்?' என்று கேளுங்கள். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் எண்ணை மாற்றி வையுங்கள், கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம். எத்தனை தப்பு, எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர்களுக்கு நேரமில்லை என்பார்கள். ஒரே ஒரு மதியம்தான் கேட்கிறேன், சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிடலாம்.