அட்டையும் பாயும் போதுமா? ஆசிரியர் எங்கே?

திருக்கடையூர் வட்டாரத்தில் குறுவையும் பள்ளிக்கூடமும் ஜூன் மாதத்திலேயே தொடங்குகின்றன. தாய் விடியுமுன் நாற்றங்காலுக்குப் போய்விடுகிறாள். பிள்ளை தானே எழுந்து, தானே தலைவாரிப் பள்ளிக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு ஆரம்பப் பள்ளியில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவேண்டும் என்பதைப் பற்றி இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணுகின்றன, அட்டை அடுக்குகின்றன, பாடி ஆடுகின்றன. "இதற்கா பள்ளிக்கு அனுப்பினோம்? இது வீட்டிலேயே நடக்குமே!" என்று விவசாயத் தொழிலாளத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். இந்தச் சந்தேகத்தைக் கேலி செய்ய நாம் தயாராக இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் விடச் சொன்னது. வக்கீல் பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. பண்ணையாள் பிள்ளைக்கோ அது மாட்டுக் கொட்டகைதான். குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதன்மந்திரியானதும் அது கைவிடப்பட்டது.

ஆனால் இன்றைய அட்டையும் பாயும் அந்த வகையல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007-ல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கில் பழகிய முறை அது. பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து அட்டைகளாக்கினார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏணி ஏறுவதுபோல் ஏறலாம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நடவுக் காலத்தில் பத்து நாள் வீட்டில் நின்றுவிட்ட பெண், திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே தொடரலாம். பழைய வகுப்பில் அவள் கதி என்ன? பாடம் பத்துப் பக்கம் ஓடியிருக்கும். அவள் கடைசி வரிசையில் ஊமையாக உட்கார்ந்திருப்பாள். அடுத்த வருஷம் வயலுக்கே போய்விடுவாள்.

கரும்பலகையும் பிள்ளையின் கைக்கு எட்டும்படி கீழே இறங்கியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார். மிராசுதார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வைக்கப்பட்ட பரம்பரையின் பிள்ளைக்கு, படித்த மனிதர் ஒருவர் சரிசமமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது சாதாரண விஷயமல்ல. அட்டையைவிட இதுவே பெரிது என்போம்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதே வழியில் வந்ததுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். நல்லது. ஆனால் பிரித்த ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலும் உட்கார ஆள் வேண்டாமா?

2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து! ஒருவர் லீவு என்றால், கூட்டம் என்று போனால், மிச்சம் ஒருவர். போதாக்குறைக்குப் பதிவேடு எழுதுவதும், செல்போனில் விவரம் ஏற்றுவதும் அவர் தலையில். பாடம் நடத்தவிடுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாக முறையிடுகின்றன.

மில் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஸ்பின்னிங்கில் ஒரு ஆளுக்கு இரண்டு சைடு இருந்த இடத்தில் நான்கு சைடு சுமத்தினால் என்ன ஆகும்? இழை அறும். ஓடிப்போய் ஒட்டுவதற்குள் இன்னொன்று அறும். மானேஜர் அதைத் தொழிலாளியின் சோம்பல் என்பான். பள்ளியில் அறுவது பிள்ளையின் படிப்பு.

"பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தரட்டுமே" என்று ஒரு யோசனை சொல்வார்கள். அது இங்கிருந்து போன சரக்குதான். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லித் தந்தான். (அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை என்பது வேறு கதை.) சென்னையில் அனாதை ஆண் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி இந்த வழியைக் கைக்கொண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அது என்னவாயிற்று? ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில், ஒரே வாத்தியாரிடம். பிள்ளைக்குப் பிள்ளை உதவுவது நல்ல பழக்கம். ஆனால் சம்பளம் மிச்சம் பிடிக்க அதைக் கருவியாக்குவது வேறு.

வயிற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பசித்த பிள்ளை புளியங்கொட்டையை எண்ணாது, வாயில் போட்டுக்கொள்ளும். 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகப் பெருகியது. காலை உணவு 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். நாற்றுப் பறிக்கப் போன தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவளுக்குத்தான் தெரியும். பாராட்டவேண்டியதைப் பாராட்டுகிறோம்.

அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையை அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி கூடாது. "நாலு போடுங்க சார், அப்பத்தான் படிப்பான்" என்று நம் தோழர்களே சொல்லி அனுப்புவதைக் கேட்டிருக்கிறோம். சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து எழுந்த தஞ்சைத் தரணியில் இந்தப் பேச்சு ஏன்?

என்ன செய்வது? அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. நம் பெண்களின் பெயர் பல குழுக்களில் இருக்கிறது. ஆனால் வேலை நாளில், வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் நடவுக்காரப் பெண் எப்படி வருவாள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டா? கையெழுத்து மட்டும் பிறகு வீடு தேடி வரும்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே முதல் கோரிக்கையை வையுங்கள்: கூட்டம் மாலையில், வேலை முடிந்தபின் நடக்கவேண்டும். அடுத்து, ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் போதாது, கூடுதல் ஆள் வேண்டும் என்று தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், கைநாட்டு வைத்தவர்கள் உட்பட எல்லோரும் சேர்ந்து மயிலாடுதுறைக்குப் போய்க் கலெக்டரிடம் அந்த நகலைக் கொடுங்கள். மனுநாள் திங்கட்கிழமை.