பூட்டிய வீட்டின் நீர் வடிகட்டி

ஈப்போ, புந்தோங்கில் தீபாவளிக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் உண்டு. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். ஊர் திரும்பியதும் வீட்டைக் கழுவுகிறார்கள். கச்சாங் பூத்தே வாங்குகிறார்கள். சமையலறை நீர் வடிகட்டியை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வடிகட்டி இருந்தாலே நீர் தூய்மை என்பதை நான் ஏற்கமாட்டேன். கிருமிகளை அடக்கவே குழாய்நீரில் குளோரின் கலக்கப்படுகிறது. வடிகட்டியிலுள்ள கரி அந்தக் குளோரினையே நீக்கிவிடுகிறது. பிறகு, மாதக்கணக்கில் தேங்கும் நீரில் கிருமிகள் பெருகத் தடையேது? அதை முதலில் குடிப்பது, காரை விட்டு இறங்கித் தாகத்தோடு ஓடும் குழந்தைதான்.

வீட்டைப் பூட்டும் நாளிலேயே குழாயை மூடி, வடிகட்டியிலுள்ள நீரை வடித்துவிட வேண்டும். திரும்பியதும் உள்ளே புதிய கரியைப் பொருத்தி, சில நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். பழையதையே கழுவிப் போடுவது வீண் சிக்கனம். புதியது வாங்கும்வரை, வடிகட்டாத குழாய்நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே மேல்.