'பட்டீஸ்' - ஒரு பழைய படமும் என் பழைய தீர்ப்பும்

முன்குறிப்பு: கதையை முடிவு வரைக்கும் சொல்லியிருக்கேன். தெரியாமப் பார்க்கணும்னு நினைக்கறவங்க முதல்ல படத்தைப் பார்த்துட்டு வாங்க. 81 நிமிஷம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு நண்பர் 'பட்டீஸ்' படத்தோட புளூ ரே டிஸ்க்கைக் கையில் கொடுத்து, பார்த்துட்டுச் சொல்லுங்க என்றார். எய்ட்ஸ் பற்றி அமெரிக்காவில் வந்த முதல் முழுநீளக் கதைப்படம், 1985இல் வெளியானது, பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 2018இல் மீட்டெடுக்கப்பட்டது என்று பீடிகை பலமாக இருந்தது. பார்த்தேன். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, "முக்கியமான படம்தாங்க, ஆனா நல்ல படம்னு சொல்ல முடியாது" என்று பெரிய மேதாவி மாதிரி ஒரு தீர்ப்பும் சொல்லிட்டு வந்தேன்.

போன வாரம் அதே படத்தை மறுபடி பார்த்தேன். சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

*

முதலில் கதை. 'பட்டி'ன்னா கூட்டாளி, தோழன். நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளைச் சொந்தக்காரங்களே கைவிட்டபோது, முன்பின் தெரியாத ஒருவர் தன்னார்வத்தில் போய்த் துணைக்கு உட்காரும் ஏற்பாடு அங்கே இருந்தது. அப்படிப் போகிறவருக்குத்தான் இந்தப் பேர். டேவிட்டுக்கு 25 வயசு. அச்சுக்கோர்ப்பவர். கே, ஆனா அரசியல், ஊர்வலம், கோஷம் எதுவும் ஆகாது. காதலனோட அமைதியாக் குடும்பம் நடத்தறவர். ராபர்ட்டுக்கு 32. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த தோட்டக்காரர். போராட்டக்காரர். இப்போ ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடக்கிறார். குடும்பம் கைகழுவிவிட்டது. டேவிட் இவருக்கு பட்டியாகப் போகிறார்.

அவ்ளோதான் கதை. முக்கால்வாசிப் படம் ஒரே அறை. திரையில் நாம் முகம் பார்ப்பது இந்த ரெண்டு பேரை மட்டும்தான். மத்தவங்க எல்லாம் வெறும் குரல், இல்லேன்னா முதுகு.

என்னோட அன்றைய புகார்ப் பட்டியல் இது: மேடை நாடகம் மாதிரி இருக்கு, வசனம் ஜாஸ்தி, டேவிட்டா நடிச்ச டேவிட் ஷாக்டர் ஆரம்பத்தில் மரக்கட்டை மாதிரி நிக்கறார், காசில்லாம எடுத்தது அப்பட்டமாத் தெரியுது. இதில் எதுவும் பொய் இல்லைங்க. எழுதி, தயாரித்து, இயக்கிய ஆர்தர் ப்ரஸ்ஸன் ஜூனியர் ஒன்பதே நாளில் 16 எம்.எம்.மில் எடுத்த படம் இது. அப்புறம் தெரியாம இருக்குமா?

*

ஆனா நான் யோசிக்காத விஷயம் ஒண்ணு உண்டு. ஏன் ஒன்பது நாள்?

அந்தக் காலத்தைக் கொஞ்சம் பாருங்க. படம் சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தியேட்டரில் முதலில் திரையிடப்பட்டது 1985 செப்டம்பர் 12. அதிபர் ரீகன் பத்திரிகையாளர் சந்திப்பில் எய்ட்ஸ் பற்றி முதன்முதலா வாயைத் திறந்து பதில் சொன்னது செப்டம்பர் 17. அதாவது நாட்டோட அதிபருக்கு முன்னாடி ஒரு ஏழைப் பட இயக்குநர் பேசிட்டார். அதே வருஷம் இண்டியானாவில் ரையன் ஒயிட்ங்கற பையனை, ரத்தத்தில் வைரஸ் இருக்குன்னு பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தாங்க. நடிகர் ராக் ஹட்சன் செத்துப்போனது அக்டோபர் 2. 'ஆன் எர்லி ஃப்ராஸ்ட்' என்று என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு படம் ஒளிபரப்பினது நவம்பர் 11. அது வக்கீல் மகன் ஒருத்தன் நோயோட பெத்தவங்க வீட்டுக்குத் திரும்பி வர்ற கதை. நல்ல படம்தான், ஆனா அது அப்பா அம்மாக்களுக்காக எடுத்த படம். மகனை வெறுக்காதீங்கன்னு கெஞ்சற படம்.

'பட்டீஸ்' யாரையும் கெஞ்சலை. அது செத்துக்கிட்டு இருந்தவங்களும் அவங்க நண்பர்களும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டது. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பிரிண்டர் சத்தத்தோட ஓடும். அதிலிருந்து வர்றது எய்ட்ஸில் இறந்தவங்க பேர். இந்தப் பட்டியல் நீண்டுக்கிட்டே போற நேரத்தில், தயாரிப்பாளர் கிடைக்கட்டும், நல்ல செட் போடலாம், திரைக்கதையை இன்னொரு தடவை செதுக்கலாம்னு யார் காத்திருப்பாங்க? ப்ரஸ்ஸன் 1987இல் எய்ட்ஸில் இறந்தார், 44 வயசு. ராபர்ட்டாக நடித்த ஜெஃப் எட்ஹோம் 1989இல் அதே நோயில் போனார். நான் குறைன்னு சொன்ன அவசரம் அவங்களுக்கு எப்படிப்பட்ட அவசரம்னு இப்போ புரியுது.

*

அதுக்கப்புறம் படம் மெல்லக் காணாமப் போச்சு. எடுத்தவர் போயிட்டார், நடிச்சவர் போயிட்டார். பார்த்தவங்களில் எத்தனை பேர் போனாங்களோ. சுயாதீனப் படங்களுக்கு இருக்கற சிக்கலே இதுதான். பின்னாடி ஸ்டுடியோ கிடையாது, பெட்டகம் கிடையாது. யாராவது ஒருத்தர் மெனக்கெட்டாத்தான் உண்டு. ப்ரஸ்ஸன் விஷயத்தில் அவரோட சகோதரி ரோ ப்ரஸ்ஸனும், ஜென்னி ஓல்சன்ங்கற திரைப்பட வரலாற்று ஆய்வாளரும் மெனக்கெட்டாங்க. 'வினிகர் சிண்ட்ரோம்' நிறுவனம் கைகோத்து 2018இல் மீட்டெடுத்த பிரதி வந்தது.

இந்த நிறுவனத்தோட பேரைப் பத்தி ஒரு வார்த்தை. அசிடேட் ஃபிலிம் சுருள் கெட்டுப்போக ஆரம்பிச்சா அசிட்டிக் அமிலம் வெளிவந்து காடி வாசனை அடிக்கும். சுருள் சுருங்கும், வளையும். ஒரு தடவை ஆரம்பிச்சிட்டா வேகம் கூடிக்கிட்டே போகும். அந்த நோய்க்குத்தான் அப்படிப் பேர். பேரையே நோயாக வெச்சிருக்கற இந்தக் கம்பெனி முக்கியமா மீட்கறது எதைன்னு நினைக்கறீங்க? பழைய மலிவுப் பேய்ப்படங்கள், பலான படங்கள் :-) ப்ரஸ்ஸனும் அந்த மாதிரிப் படங்கள் எடுத்தவர்தான். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் 1977இல் பல ஊர்களில் நடந்த கே ஊர்வலங்களைப் படம்பிடிச்ச 'கே யுஎஸ்ஏ' ஆவணப்படம். ரெண்டையும் ஒரே ஆள் வெட்கமில்லாமல் செஞ்சார். மரியாதைப்பட்ட படங்களை மட்டும்தான் காப்பாத்துவோம்னு எல்லாரும் இருந்தா இது மண்ணாப் போயிருக்கும்.

இதுமாதிரி இன்னொண்ணும் உண்டு. பில் ஷெர்வுட் எடுத்த 'பார்ட்டிங் க்ளான்சஸ்', 1986. ஸ்டீவ் புஷெமி எய்ட்ஸ் வந்த பாடகனா நடிச்ச படம். ஷெர்வுட் 1990இல் எய்ட்ஸில் இறந்தார், எடுத்தது அந்த ஒரே படம். அவுட்ஃபெஸ்ட் அமைப்பும் யுசிஎல்ஏ ஆவணக்காப்பகமும் சேர்ந்து கே, லெஸ்பியன் படங்களை மீட்கற திட்டம் ஒண்ணு தொடங்கினப்போ முதல்ல கையில் எடுத்ததே அதைத்தான். இந்த ஆளுங்களுக்கு ரெண்டாவது, மூணாவது படம் எடுத்துத் தேற நேரமே கிடைக்கலை. இருக்கற ஒண்ணையும் விட்டுட்டா அவங்க இருந்ததுக்கே சாட்சி இல்லை.

*

சரி, நான் ஏன் மறுபடி பார்த்தேன்?

சமீபத்தில் தெரிஞ்சவர் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேற நோய். பார்க்கப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையும் ஸ்டூல் மேல வெச்சுட்டு, "இப்ப எப்படி இருக்கு"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் என்ன பேசறதுன்னு தெரியலை. ஃபேனைப் பார்த்தேன், சலைன் சொட்டறதைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் கிளம்பிட்டேன். அவர் அங்கே மூணு வாரம் இருந்தார். நான் போனது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்தபோது டேவிட் ஞாபகம் வந்தது. முகமூடியும் அங்கியுமாக உள்ளே வந்து, கையை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியாம நிக்கற டேவிட். மரக்கட்டைன்னு நான் சொன்ன அதே டேவிட். அது நடிக்கத் தெரியாததில்லைங்க. நோயாளி முன்னாடி ஆரோக்கியமா இருக்கறவன் அப்படித்தான் நிப்பான். நானும் அப்படித்தான் நின்னேன். வித்தியாசம் என்னன்னா, டேவிட் மறுநாளும் போறார். திட்டு வாங்கறார், கோவிச்சுக்கறார், திரும்பவும் போறார். கடைசியில் ராபர்ட்டைக் கட்டி அணைக்கற காட்சி ஒண்ணு இருக்கு. இரக்கம் மட்டும் இல்லை, உடம்பும் ஆசையும் கலந்த அணைப்பு. கை குலுக்கினாலே ஒட்டிக்கும்னு ஊரே பயந்த வருஷத்தில் இதை எடுத்திருக்காங்க. முதல் தடவை பார்த்தப்போ எனக்கு இது நெளிவா இருந்தது. இந்த முறை படத்தோட மையமே இதுதான்னு தோணிச்சு.

மீட்டெடுத்த பிரதி பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பழைய ஃபோட்டோவை டச்சப் பண்றேன்னு முகத்தை மெழுகுபொம்மை ஆக்கிடற ஸ்டுடியோக்காரர் மாதிரி செஞ்சிருவாங்களோன்னு. அப்படிச் செய்யலை. 16 எம்.எம்.மோட பொரிப்பொரியான புள்ளிகள் அப்படியே இருக்கு. எட்ஹோம் சிரிக்கும்போது கண் ஓரத்தில் விழற சுருக்கம் தெரியுது. அறையோட வறட்சியும் தெரியுது. மீட்கறதுன்னா புதுசாக்கறது இல்லை, எடுத்த அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே நம்ம முன்னாடி வைக்கறதுன்னு நான் நினைக்கறேன். அவசரம் தெரியணும், காசில்லாதது தெரியணும். அதைத் துடைச்சிட்டா படத்தில் பாதி போச்சு.

கட்டிலில் கிடக்கும் ராபர்ட்டிடம், ஒரே ஒரு நாள் உடம்பு நல்லா இருந்தா என்ன செய்வேன்னு ஒரு பேச்சு வரும். பழைய காதலனைப் பார்க்கணும், அப்புறம் வெள்ளை மாளிகை முன்னாடி தட்டி பிடிச்சு நிக்கணும்பார். கடைசிக் காட்சியில் ராபர்ட் இல்லை. அரசியலே ஆகாதுன்னு இருந்த டேவிட் வெள்ளை மாளிகை வேலி முன்னாடி தன்னந்தனியா ஒரு தட்டியோட நிக்கறார். கூட்டம் இல்லை, கோஷம் இல்லை.

"நல்ல படம்னு சொல்ல முடியாது"ன்னு சொன்னேனே, அந்த நண்பருக்கு இன்னிக்குக் காலையில் ஃபோன் பண்ணி நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டேன். சிரிச்சார். ஆஸ்பத்திரியில் இருந்தவர் இப்போ வீட்டுக்கு வந்துட்டாராம். ஞாயித்துக்கிழமை போகலாம்னு இருக்கேன். இந்தத் தடவை சாத்துக்குடி வாங்கலை. கொஞ்ச நேரம் கூடுதலா உட்கார்ந்துட்டு வரணும்.