மலைப் பாதையும் செய்திப் பாதையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து வரும் செய்தியோ, ஒரு வளைவிலும் திரும்பாமல் நேரே நம் கைப்பேசியில் வந்து குதித்து விடுகிறது! சௌகரியந்தான். வந்து குதித்தது செய்திதானா என்பதல்லவா கேள்வி?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் அந்தப் பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்று போயிற்று. ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் உண்டு. அங்கே பெண்ணைப் படிக்க விட்டிருக்கும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். இம்மாதிரி வேளைகளில் கைப்பேசியில் படத்துக்கு மேல் படமாக வந்து விழும். எந்த மலை, எந்த வருஷத்து மழை, எடுத்தவர் யார் என்று ஒன்றும் தெரியாது. மண் சரிந்தது எந்த வளைவில்? பஸ் எந்த வழியாகப் போகிறது? மேலே பால் கிடைக்கிறதா? இவற்றைப் போய்ப் பார்த்து, விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர்தான் உள்ளூர் நிருபர்.

சேலம் சீமைக்கு இது புதிதல்ல. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியே 'சேலம் தேசாபிமானி' என்ற பத்திரிகையை நடத்தியவர் நரசிம்மலு நாயுடு. பிறகு கோயமுத்தூர் சென்று, அந்த ஊருக்குச் சிறுவாணித் தண்ணீர் வர வேண்டுமென்று பாடுபட்டார். 1922-ல் அவர் காலமான பிறகுதான் தண்ணீர் வந்தது. 1929-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' வெளிவந்தது. ஆசிரியர் ராஜாஜி; உதவிக்கு 'கல்கி'. பத்தே இதழ்கள்தான். ஆனால் 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரிசபை முதன் முதலில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது, அதே சேலம் ஜில்லாவில்! குடிதண்ணீரும் குடியும் பெண்களின் கவலை. பத்திரிகைக்காரர்களின் கவலையாகவும் அவை இருந்தன.

முன்பெல்லாம் சிற்றூர் நிருபர் என்றால் பெரும்பாலும் வேறு பிழைப்பும் வைத்திருப்பவர். பத்திரிகை ஏஜெண்டாக இருப்பார், கடை வைத்திருப்பார். செய்தியைத் தபாலில் போடுவார், அவசரமானால் தந்தி. அச்சில் வந்ததை அளந்து சன்மானம் கொடுப்பார்கள். 1955-ல் பத்திரிகையாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் அது பத்திரிகைத் தொழிலையே பிரதான தொழிலாகக் கொண்டவர்களுக்கு. கடையும் எழுத்துமாக இருந்தவர் வாசலிலேயே நின்று விட்டார்.

தந்தி 2013 ஜூலையோடு விடைபெற்றது. இப்போது நிருபர் எழுதவும் வேண்டும், படம் எடுக்கவும் வேண்டும், வீடியோ அனுப்பவும் வேண்டும். எல்லாம் அடுத்த நிமிஷமே! வேறு யாராவது முந்தி விட்டால், "நீர் என்ன செய்து கொண்டிருந்தீர்?" என்று கேள்வி வரும். விசாரிக்க நேரம் ஏது? விளம்பரப் பணமும் கைப்பேசிப் பக்கம் திரும்பி விட்டது. வருமானம் குறைந்தால் சிற்றூர் நிருபர் மீது கத்தரி விழுவது சுலபம்.

கைப்பேசியை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் வராத குழாயை ஒரு மலைக் கிராமத்துப் பெண் தானே படம் பிடித்து ஊரறியச் செய்யலாமே! அது பெரிய பலம். ஆனால் ஏன் தண்ணீர் வரவில்லை என்று அதிகாரியைப் போய்க் கேட்டு, அடுத்த வாரம் மறுபடியும் கேட்பது தனி வேலை. தவறாக எழுதினால் நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டுமே என்ற பயமும் உள்ளூர்க்காரருக்குத்தான் உண்டு.

சகோதரிகளே, காம்பைத் திருப்பிப் பார்க்காமல் நாம் கத்தரிக்காய் வாங்குகிறோமா? கைப்பேசியில் வரும் சமாசாரத்தையும் அப்படியே பாருங்கள். எங்கே நடந்தது, எப்போது, பார்த்தவர் யார்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பிறருக்கு அனுப்புங்கள். வீட்டுச் செலவில் எதையாவது குறைப்பதென்றால் பத்திரிகைச் சந்தாவில் முதலில் கை வைக்காதீர்கள். படித்து முடித்த பத்திரிகையை எடைக்குப் போட்டாலும் நாலு காசு வரும். வதந்தியை எந்தப் பழைய பேப்பர்காரர் எடுத்துக் கொள்கிறார்?