பை வாங்கியாச்சு, ஷூ வாங்கியாச்சு... கண்ணைப் பார்த்தாச்சா?



ஜூன் பிறந்ததும் உங்கள் பிள்ளைகள் முதன்முதலாகப் பள்ளிக்குக் கிளம்பும் படங்களைப் பார்க்கிறேன். மனசு நிறைகிறது. கூடவே பழைய உறுத்தல் ஒன்றும் வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் இரண்டாம் வகுப்பு எடுத்த காலம். ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. 'பட்டம்' என்று எழுதிப்போட்டால் 'படடம' என்று எழுதுவான். "புள்ளி எங்கேடா?" என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்த்ததற்காகக் கடைசி வரிசையில் வேறு உட்கார வைத்தேன். அவன் நான்காம் வகுப்பு படிக்கும்போது நடந்த கண் முகாமில்தான் தெரிந்தது, அவனுக்குக் கிட்டப்பார்வை. நான் வைத்த புள்ளி எதுவும் அவன் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

அவன் ஏன் சொல்லவில்லை? எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான். பிள்ளை வந்து சொல்லட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

"நல்லாத்தானே ஓடி ஆடுறான், எதுக்கு டாக்டர்?" என்பீர்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தால், பிள்ளை இன்னொரு கண்ணை வைத்தே சமாளித்துவிடும். 'சோம்பேறிக் கண்' என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும், தள்ளிப்போனால் கஷ்டம். சளி பிடித்துப் பிடித்துக் காதில் நீர் கோத்த பிள்ளையை, "கூப்பிட்டா திரும்பவே மாட்டான், திமிரு" என்கிறோம். ரத்தசோகையால் சோர்ந்து தூங்கும் பிள்ளை நமக்குச் சோம்பேறி.

2013 முதல் நாடு முழுதும் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒரு முறை வர வேண்டும். குறை தெரிந்தால் மேல்சிகிச்சையும் இலவசம். அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அலமாரியில் செருகி வைக்காதீர்கள். தனியார் பள்ளியில் சேர்த்தவர்கள் நீங்களேதான் கூட்டிப்போக வேண்டும். கண், காது, பல், எடை, உயரம், ரத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் ஊசி போட்டாச்சா என்றும் கேளுங்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசிலேயே கண்ணாடியா?" என்று தயங்கும் உறவுகளுக்கும் சொல்கிறேன்: கண்ணாடி குறையில்லை, எழுத்துத் தெரியாமல் திட்டு வாங்குவதுதான் கொடுமை.

அந்தப் பையனுக்கு இன்று பள்ளி செல்லும் வயதில் பிள்ளைகள் இருக்கலாம். இதைப் படித்தால், தம்பி, டீச்சரை மன்னித்துவிடு. தப்பு உன்மேல் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்